மைசூர் வாணமும் நம் பள்ளிப் போத்தல் ராக்கெட்டும்



இவ்வாண்டு சனிக்கிழமைகளில் நம் பள்ளித் திடல் பக்கம் வந்தவர்கள் ஒரு வேடிக்கையைப் பார்த்திருப்பீர்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு சோடா போத்தலைத் தலைகீழாக நிறுத்தி, சைக்கிள் பம்பால் காற்று அடித்துக்கொண்டிருப்பார்கள். திடீரென்று "புஸ்" என்று ஒரு சத்தம். போத்தல் தண்ணீரைக் கக்கிக்கொண்டு செம்பனை மரத்துக்கு மேலே போய்விடும். சின்னப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஒரு நாள் வேலை முடிந்து அந்த வழியாக வந்த ஒரு பெரியவர், "ஏன் வாத்தியாரே, பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்காம போத்தலு விட்டுக்கிட்டு இருக்கீங்களே?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குரிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். பதில் கொஞ்சம் நீளம். இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய சரித்திரத்தையும் தொட்டு வரவேண்டியிருக்கிறது. பொறுமையோடு படியுங்கள்.

போத்தல் எப்படிப் பறக்கிறது?

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை லிட்டர் சோடா போத்தல் ஒன்று. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது அரை லிட்டர் தண்ணீர். வாயை அடைக்க ஒரு ரப்பர் அடைப்பான். அதன் நடுவே துளையிட்டு மோட்டார் சைக்கிள் டியூப்பின் வால்வைச் செருகி, நீளமான ரப்பர் குழாயால் பம்போடு இணைக்கவேண்டும். போத்தலின் அடியில் மூன்று இறக்கைகள், கெட்டி அட்டையில் வெட்டியது. மேலே ஒரு கூம்பு, அதன் நுனிக்குள் ஓர் உருண்டை களிமண். இவ்வளவுதான் சாமான்.

காற்று அடிக்க அடிக்க உள்ளே அழுத்தம் ஏறுகிறது. பம்பில் உள்ள மானி சதுர அங்குலத்துக்கு 40 ராத்தல் காட்டும் சமயத்தில் அடைப்பான் தாங்காமல் கழன்றுவிடும். அடைபட்ட காற்று தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. தண்ணீர் போத்தலை மேலே தள்ளுகிறது. ஒவ்வொரு தள்ளுதலுக்கும் அதே அளவு எதிர்த்தள்ளுதல் உண்டு என்று நியூட்டன் 1687-ஆம் ஆண்டில் அச்சிட்ட நூலில் எழுதி வைத்தாரே, அந்த விதிதான் இது. காற்று மட்டும் வெளியேறினால் உதை குறைவு. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய எண்ணூறு மடங்கு கனம். கனமான பொருளை வேகமாக வெளியே தள்ளும்போதுதான் பலமான உதை கிடைக்கும்.

ஏன் சோடா போத்தல்? வெறும் தண்ணீர் விற்கும் மெல்லிய போத்தல் ஆகாதா? ஆகாது. சோடாவில் அடைபட்ட வாயு உள்ளிருந்து அழுத்திக்கொண்டே இருக்கும். அதைத் தாங்கவே இந்தப் போத்தல் கெட்டியாகச் செய்யப்படுகிறது. இதற்கு 1973-இல் காப்புரிமை பெற்றவர் நத்தேனியல் வையத் என்ற அமெரிக்கர். கண்ணாடிப் போத்தல், இரும்புக் குழாய் இவற்றில் இந்த விளையாட்டு கூடவே கூடாது. வெடித்தால் துண்டுகள் ஆளைக் கிழித்துவிடும். மாணவர்களே, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள்.

தொலைந்துபோன நல்ல ராக்கெட்

முதல் நாள் எங்களுக்கு நேர்ந்தது அவமானம்தான். அடைப்பான் தளர்வாக இருந்ததால் 10 ராத்தலிலேயே கழன்று என் சட்டையெல்லாம் தண்ணீர். இரண்டாவது, களிமண் வைக்க மறந்ததால் இரண்டு ஆள் உயரம் போய்க் கரணம் போட்டு விழுந்தது.

மூன்றாவது ராக்கெட்டை ஒரு மாணவன் தனியாகச் செய்து கொண்டுவந்தான். எழுத்தும் கணக்கும் அவனுக்குக் கொஞ்சம் பின்தங்கல்தான். பரிசளிப்பு விழாவில் இதுவரை மேடை ஏறியதில்லை. ஆனால் கைவேலையில் கெட்டிக்காரன். அவன் ராக்கெட் நேர்க்கோடு கிழித்தாற்போல் மேலே போயிற்று. அப்படி ஒன்றை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. போனது போனதுதான், காற்று இழுத்துச் செம்பனைக் காட்டுக்குள் எங்கேயோ போட்டுவிட்டது. மாலைவரை தேடியும் கிடைக்கவில்லை.

"சரிடா, இன்னொண்ணு செய்" என்றேன். செய்தான். அது அப்படிப் பறக்கவில்லை. இன்னொன்று செய்தான். அதுவும் இல்லை. இறக்கை எவ்வளவு அகலம், களிமண் எவ்வளவு எடை, தண்ணீர் எவ்வளவு என்று கேட்டேன். "தெரியல சார், கையால பாத்துதான் வெச்சேன்" என்றான். மூன்று வாரம் முயன்றோம். கண் கலங்கி நின்றான் பையன். தப்பு அவன்மேல் இல்லை. அளந்து எழுதச் சொல்லாத வாத்தியார் நான்தான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதே கதை பெரிய அளவில் ஒரு நாட்டுக்கே நடந்திருக்கிறதே என்ற எண்ணம்தான் வந்தது.

இரும்புக் குழாயும் மூங்கில் கழியும்

ராக்கெட் என்றதும் நமக்கு அமெரிக்காவும் ருஷ்யாவும்தான் நினைவுக்கு வரும். வெடிமருந்தைக் கண்டுபிடித்தவர்கள் சீனர்கள். அவர்களிடமிருந்தே வாணம் பல நாடுகளுக்கும் போயிற்று. கோயில் திருவிழாவில் நாம் விடும் வாணமும் அந்த வம்சம்தான். நெடுங்காலம் அதன் குழாய் காகிதத்தாலும் மூங்கிலாலும் ஆனது. மருந்தை அதிகம் அடைத்தால் குழாயே வெடித்துவிடும். ஆகவே வாணத்தால் பயமுறுத்த முடிந்ததே தவிர, தூரம் போக முடியவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் காலத்தில் அந்த நாட்டுக் கைவினைஞர்கள் ஒரு காரியம் செய்தார்கள். காகிதக் குழாய்க்குப் பதிலாக இரும்புக் குழாய் செய்தார்கள். இரும்பு அதிக அழுத்தம் தாங்கியது; மருந்தை இறுக்கி அடைக்க முடிந்தது; உதை பலமாயிற்று. ஏறக்குறைய ஒரு சாண் நீளக் குழாய், அதோடு கட்டிய நாலடி மூங்கில் கழி. ஒரு மைலுக்கு மேலும் பாய்ந்தது. பாருங்கள், சோடா போத்தலுக்கும் இதுதானே கதை! பாத்திரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் ராக்கெட்டின் பலம். நாம் ஒட்டும் அட்டை இறக்கை செய்யும் வேலையை அங்கே மூங்கில் கழி செய்தது. நேராகப் போக வைத்தது.

1780 செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஒரு போர் நடந்தது. வெள்ளைக்காரர்கள் அவ்வூரைப் பொள்ளிலூர் என்று எழுதினார்கள். நம் பாட்டன்மார் பலர் கப்பலேறி வந்த தமிழ்நாட்டு மண் அது. கர்னல் பெய்லி தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதரும் மகன் திப்புவும் சுற்றி வளைத்தார்கள். ராக்கெட்டுகள் பாய்ந்தன. கம்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. பெய்லி கைதியானார். இந்தப் போரின் காட்சியைத் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனைச் சுவரில் தீட்டி வைத்தார்.

அதோடு போகவில்லை. 1799 ஏப்ரல் 5-ஆம் நாள் இரவு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே ஒரு தோப்பில் நுழைந்த ஆங்கிலப் படை, இருட்டில் வந்த ராக்கெட்டுகளுக்கும் துப்பாக்கிக் குண்டுகளுக்கும் தாக்குப்பிடிக்காமல் பின்வாங்கியது. அந்தப் படைக்குத் தலைவர் யார் தெரியுமா? பிற்காலத்தில் நெப்போலியனையே தோற்கடித்த வெலிங்டன் பிரபு!

ஆனாலும் ஒரு மாதத்துக்குள், மே 4-ஆம் நாள், கோட்டை வீழ்ந்தது. திப்பு போரிலே உயிர் துறந்தார். வென்றவர்கள் கோட்டைக்குள் 600 ராக்கெட் ஏவிகளையும், 700 தயாரான ராக்கெட்டுகளையும், 9,000 வெற்றுக் குழாய்களையும் கண்டதாகக் கணக்குச் சொல்வார்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அந்த இரும்புக் குழாயை முதன்முதலில் அடித்த கொல்லர் யார்? மருந்தை எந்த அளவில் கலந்தார்கள்? ஒரு படைப்பிரிவுக்கு இத்தனை ராக்கெட் வீரர்கள் என்று திப்புவின் படை நூலில் கணக்கு உண்டு. ஆனால் செய்த கையின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. 2018-ஆம் ஆண்டு கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது, திப்பு காலத்து ராக்கெட் குழாய்கள் ஆயிரத்துக்கு மேல் துருப்பிடித்துக் கிடைத்தன. குழாய் கிடைத்தது, செய்தவர் பெயர் கிடைக்கவில்லை.

எழுதியவன் பேர் நின்றது

கைப்பற்றிய ராக்கெட்டுகளில் சில இங்கிலாந்துக்குப் போயின. லண்டனுக்கு அருகே வூல்விச்சில் படைக்கலச் சாலை ஒன்று இருந்தது. அங்கே வில்லியம் காங்கிரீவ் என்பவர் 1804-ஆம் ஆண்டில் ராக்கெட் சோதனைகளைத் தொடங்கினார். அவர் என்ன செய்தார்? எடை வாரியாக ராக்கெட்டுகளைச் செய்தார். எவ்வளவு மருந்து, எவ்வளவு நீளக் கழி, எந்தக் கோணம், எவ்வளவு தூரம் என்று அளந்தார். அளந்ததை எழுதினார். 1807-ஆம் ஆண்டில் புத்தகமாகவே அச்சிட்டார்.

1806-இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தின் மேலும், 1807-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தின் மேலும் அந்த ராக்கெட்டுகள் பாய்ந்தன. 1814-இல் அமெரிக்காவின் பால்டிமோர் கோட்டைமீது ஏவப்பட்டவைதாம் அமெரிக்க தேசிய கீதத்திலேயே இடம் பெற்றன. உலகம் அவற்றைக் "காங்கிரீவ் ராக்கெட்" என்றது. மைசூர்க் கொல்லரின் கைவேலைக்கு வூல்விச் வாசியின் பேர்!

காங்கிரீவைத் திருடன் என்று சொல்ல நான் வரவில்லை. அவர் உழைத்தார், மாற்றினார், பெரிதாக்கினார். எல்லாவற்றையும்விட முக்கியம், எழுதினார். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று நம் பெரியவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் ஏட்டில் ஏறாத சுரைக்காய்க்கு அடுத்த பருவத்தில் விதை மிஞ்சாது என்பதும் உண்மை.

காது கேளாத கணக்கு வாத்தியார்

அடுத்த பெரிய அடி எடுத்து வைத்தவர் ராஜாவும் இல்லை, தளபதியும் இல்லை. ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ருஷ்ய நாட்டில் 1857-இல் பிறந்த கான்ஸ்தந்தீன் சியோல்கோவ்ஸ்கிக்குப் பத்து வயதில் காய்ச்சல் வந்து காது ஏறக்குறைய கேட்காமல் போய்விட்டது. பள்ளியில் தொடர முடியவில்லை. மாஸ்கோ நூலகத்தில் உட்கார்ந்து தாமே படித்தார். ஆசிரியர் தேர்வு எழுதித் தேறி, சிறிய ஊர்களில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கலூகா என்ற ஊரில்தான் வாழ்நாளில் பெரும்பகுதி கழிந்தது.

அந்த வாத்தியார் 1903-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ராக்கெட்டைக் கொண்டு விண்வெளிக்குப் போக முடியும். திரவ எரிபொருள் வேண்டும். வெளியேறும் வாயுவின் வேகமும் குறைந்துவரும் எடையும் சேர்ந்து ராக்கெட்டின் வேகத்தை இப்படித் தீர்மானிக்கும் என்று சமன்பாடு போட்டுக் காட்டினார். அவர் விண்வெளி ராக்கெட் ஒன்றைக்கூடச் செய்து விட்டதில்லை. அதற்குப் பணம் ஏது? தாளும் பேனாவும்தான் இருந்தன. இன்றும் எந்த நாட்டு ராக்கெட் புறப்பட்டாலும் அந்தக் கணக்கைப் போடாமல் புறப்படாது.

நானும் பட்டதாரி அல்லன். பயிற்சிச் சான்றிதழ் பெற்றுத் தோட்டப் பள்ளிக்கு வந்தவன். கலூகா வாத்தியாரின் கதையைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நிமிர்ந்துகொள்கிறது.

முட்டைக்கோஸ் தோட்டத்தில் விழுந்த ராக்கெட்

அமெரிக்காவில் ராபர்ட் காடார்டு என்று ஒரு பையன். 1899 அக்டோபர் 19-ஆம் நாள், பதினேழு வயதில், சேரி மரத்தில் கிளை கழிக்க ஏறினான். மேலிருந்து வயலைப் பார்த்தபோது, செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் கருவி ஒன்று செய்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தானாம். இறங்கியவன் அந்த நாளை நாட்குறிப்பில் எழுதினான். வாழ்நாள் முழுதும் அக்டோபர் 19-ஐத் தன் சொந்தத் திருநாளாகக் கொண்டாடினான்.

காடார்டு வளர்ந்து பேராசிரியரானார். ராக்கெட் சந்திரனையும் எட்டலாம் என்று அவர் எழுதியதைக் கண்டு, 1920 ஜனவரி 13-இல் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை தலையங்கத்திலேயே கேலி செய்தது. காற்றே இல்லாத இடத்தில் ராக்கெட் எதை உதைத்துக்கொண்டு போகும், பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லையே என்பது கேலி. நம் பிள்ளைகளில் ஒருத்தியும் என்னிடம் இதையே கேட்டாள். காற்றை உதைத்துக்கொண்டு ராக்கெட் போவதில்லை அம்மா. தன்னிடமிருந்து வெளியே போகும் பொருளை உதைத்துக்கொண்டுதான் போகிறது. நமக்குத் தண்ணீர், அவருக்கு எரிந்த வாயு.

1926 மார்ச் 16-ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆபர்ன் ஊரில், உறவுக்காரப் பெண்மணியின் பண்ணையில் காடார்டு தம் ராக்கெட்டை விட்டார். பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் எரிபொருள். அது பறந்தது இரண்டரை விநாடி. உயரம் 41 அடி. விழுந்தது 184 அடி தூரத்தில், முட்டைக்கோஸ் தோட்டத்தில்! திரவ எரிபொருளில் பறந்த உலகின் முதல் ராக்கெட் அதுதான். ராக்கெட் நேராகப் போகட்டும் என்று எஞ்சினைத் தலைப்பக்கம் வைத்திருந்தார். அதனால் பயனில்லை என்று தெரிந்ததும் பிறகு அடிப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

1945-இல் காடார்டு காலமானார். 1969 ஜூலை 16-இல் அப்போலோ 11 சந்திரனுக்குப் புறப்பட்டது. மறுநாளே அந்தப் பத்திரிகை, தான் 1920-இல் எழுதியது தவறு என்று திருத்தம் வெளியிட்டது. பார்த்து மகிழத்தான் அவர் இல்லை.

சைக்கிளில் போன ராக்கெட்

வட்டம் சுற்றித் திரும்ப நம் பக்கமே வருகிறது. 1963 நவம்பர் 21-இல் கேரளக் கடற்கரையில் தும்பா என்ற மீனவக் கிராமத்திலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் புறப்பட்டது. ராக்கெட் அமெரிக்காவிலிருந்து வந்தது. வேலை நடந்ததோ ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில். அந்நாளில் ராக்கெட்டின் முனைப் பாகத்தைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிப் போனார்கள். அந்தக் குழுவில் ஓர் இளைஞர், இராமேசுவரத்துப் படகுக்காரர் மகன், சிறுவனாக இருந்தபோது பத்திரிகை விநியோகித்தவர். ஆம், அப்துல் கலாம்தான்.

அவர் பயிற்சிக்கு அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்துக்குப் போனபோது, வரவேற்பு அறைச் சுவரில் ஓர் ஓவியத்தைப் பார்த்தாராம். வெள்ளைக்காரப் படையை ராக்கெட்டால் தாக்கும் கறுத்த வீரர்கள்! திப்புவின் படை! தன் நாட்டில் மறந்துபோனதை அயல்நாட்டுச் சுவரில் பார்த்ததைத் தம் தன்வரலாற்றில் சொல்லியிருக்கிறார். 1979-இல் அவர் பொறுப்பில் இருந்த எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்தது. எங்கே பிழை என்று ஏட்டைப் புரட்டிப் பார்த்துத் திருத்தி, 1980 ஜூலை 18-இல் ரோகிணி செயற்கைக்கோளை வானில் நிறுத்தினார்கள்.

நம் மலேசியாவும் சும்மா இருக்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் 'தியோங்சாட்-1' என்ற சிறிய செயற்கைக்கோள் வானேறியது. 2007 அக்டோபர் 10-இல் டாக்டர் ஷேக் முஸாபார் விண்வெளிக்குப் போய் வந்தார். ஆசிய பசிபிக் நாடுகளின் மாணவர்களுக்கென்று நீர் ராக்கெட் போட்டியே நடந்து வந்திருக்கிறது. விளையாட்டு என்று நாம் நினைத்ததை நாடுகள் பாடமாக நடத்துகின்றன.

நோட்டுப் புத்தகம்

திடலுக்குத் திரும்புவோம். மூன்று வாரத் தோல்விக்குப் பிறகு நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அந்தப் பையனிடமே கொடுத்தேன். "இனி நோட்டுல ஏறாம ஒரு போத்தலும் வானத்துல ஏறக்கூடாது" என்றேன்.

ஒரு கோணமானியில் நூல் கட்டி, அதில் ஒரு திருகாணியைத் தொங்கவிட்டு, உயரம் பார்க்கும் கருவி செய்தோம். ராக்கெட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி ஒரு பிள்ளை நின்று கோணம் பார்ப்பாள். 40 பாகை என்றால் தாளில் அளவுப் படம் வரைந்து, உயரம் 25 மீட்டர் என்று கண்டு, பார்ப்பவளின் கண் உயரத்தையும் கூட்டிக்கொள்வார்கள். நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன்: தண்ணீர் 300 மில்லி, உயரம் 21 மீட்டர், 500 மில்லி, 26 மீட்டர், 750 மில்லி, 17 மீட்டர். தண்ணீர் குறைந்தாலும் ஆகாது, கூடினாலும் ஆகாது என்பதைப் புத்தகத்தில் படித்து அல்ல, தாங்களே எழுதிக் கண்டுபிடித்தார்கள். காடார்டின் முதல் ராக்கெட்டைவிட நம் போத்தல் இரண்டு மடங்கு உயரம் போயிருக்கிறது. தலைக்கனம் வேண்டாம், புரட்டிப் பார்க்க அவருக்கு முந்திய நோட்டு இல்லை, நமக்கு அவருடைய நோட்டு இருக்கிறது.

எழுதத் தயங்கிய பையன் இப்போது 43 பக்கம் எழுதியிருக்கிறான். எழுத்துப்பிழை நிறைய உண்டு. ஒன்றைக்கூட நான் சிவப்பு மையால் அடிக்கவில்லை.

கடைசியாக என் வீட்டுக் கதை ஒன்று. என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், மரத்துக்குக் காயம் படாமல் பட்டையைச் சீவுவார். ஒரு நூல் ஆழம் கூடினால் மரம் கெடும்; குறைந்தால் பால் வராது. "கை சொல்லும்டா" என்பார். எந்தக் கல்லில் கத்தி தீட்டுவது, மழைக்கு மறுநாள் எப்படி வெட்டுவது, எல்லாம் அவர் கையில் இருந்தது. அவர் போனார், கையும் போயிற்று. கித்தா மரமும் போய்ச் செம்பனை வந்துவிட்டது. வாத்தியார் மகன் ஒருவன் வீட்டில் இருந்தும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. மைசூர்க் கொல்லர் பெயரை யாரும் எழுதவில்லையே என்று ஆதங்கப்பட எனக்கு என்ன யோக்கியதை?

அன்றைக்குக் கேட்ட பெரியவருக்கு இதுதான் என் பதில். ஐயா, நாங்கள் போத்தல் விடவில்லை. கை செய்வதைத் தாளில் ஏற்றப் பழகுகிறோம். நம் மக்களுக்குக் கைத்திறன் எந்தக் காலத்திலும் குறைந்ததில்லை. குறைந்தது ஏடுதான்.

பெற்றோர்களே! பரிசளிப்பு விழா அன்று மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருப்போம். அதில் கோப்பை இருக்காது. அந்த நோட்டு இருக்கும். ஒரு நிமிடம் நின்று புரட்டிப் பாருங்கள். வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, உங்கள் கைக்குத் தெரிந்த வேலை ஒன்றைச் சொல்லுங்கள். குலை வெட்டுவதோ, மீன் வலை பின்னுவதோ, ஊறுகாய் போடுவதோ, எதுவானாலும் சரி. அவன் எழுதட்டும். மேலே உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள்.

மாணவமணிகளே, உங்கள் ராக்கெட் காட்டுக்குள் விழட்டும், கவலையில்லை. நோட்டு மட்டும் பத்திரம்!